சியோலில் செருப்புத் தேய ஒரு நாள்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து என்னைக் காப்பாற்றிய வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவருக்கு அடுத்த நிகழ்ச்சி காத்திருக்கிறது என்றார்கள். இருந்தும் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து போவதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிட வேண்டும்.

தென்கொரியத் தலைநகர் சியோலைத் தனியாளாக, காலையிலிருந்து இரவு வரை கால்நடையாகவே சுற்றிய கதையைக் கேட்டார்கள். அரண்மனை, ஓடை, கோட்டைச் சுவர் என்று மூன்றையும் சொல்கிறேன். ‘நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை’ என்பார்கள். என் வீட்டில் இதை ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். இன்று உங்கள் முறை.

கியோங்போகுங் அரண்மனை 1395இல் கட்டப்பட்டது. அந்த நாட்டு மரபு உடையான ஹான்போக் உடுத்திப் போனால் நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் வாசலில் வாடகை உடையில் இளவரசிகள் கூட்டம்! செவ்வாய்க்கிழமை விடுமுறை, போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அரண்மனைக்கு இது போதும்.

அங்கிருந்து தெற்கே சேஜோங் மன்னர், யீ சுன்-சின் தளபதி சிலைகளைத் தாண்டிப் பொடிநடையாகப் போனால் சொங்கேசொன் ஓடை தொடங்குகிறது. படியிறங்கினால் கடைவீதி இரைச்சல் தலைக்கு மேலே போய்விடுகிறது. கீழே தண்ணீர், இரு கரையிலும் நடைபாதை, குறுக்கே தாண்டக் கல். கொரியப் போருக்குப் பிறகு சாக்கடையாகிக் கிடந்த இந்த ஓடையை 1958 முதல் கான்கிரீட் போட்டு மூடினார்கள். அதன்மேல் சாலை, சாலைக்கு மேல் மேம்பாலம். 2003இல் அந்த மேம்பாலத்தையே இடித்துத் தள்ளி, 2005 அக்டோபரில் 5.8 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். கார் ஓடிய இடத்தில் இப்போது தாத்தாக்கள் நடக்கிறார்கள். ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கும் தண்ணீர்தானே, இது ஓடையா என்று அங்கேயே கேட்பவர்கள் உண்டு. பிழைப்பிடம் இழந்த தெருவோர வியாபாரிகளின் வருத்தமும் உண்டு. இரண்டும் நியாயம்தான்.

அந்த ஓடைக்குக் குறுக்கே இருக்கும் குவாங்தோங்கியோ பாலத்தின் அடியில் குனிந்து பாருங்கள். சிற்பக் கற்கள் சில தலைகீழாக இருக்கும். தேஜோங் மன்னருக்குச் சிற்றன்னைமேல் தீராத பகை. அவள் கல்லறைக் கல்லைப் பெயர்த்து வந்து 1410இல் பாலம் கட்டினான். படுத்தால் பாயும் பகை என்கிறோம். அங்கே படுத்தவளுக்குக் கல்லறையும் பகையாகிவிட்டது!

பசியோடு கரையேறினேன். குவாங்ஜாங் சந்தை. ஒரு பாட்டியம்மா கடையில் பாசிப்பயறு மாவு அரைபடுகிறது, கல்லில் எண்ணெய் குளமாக நிற்கிறது. பிந்தேத்தொக் என்பது பெயர்; பார்வைக்கு நம் அடையேதான். மாவில் பன்றிக்கறி போடக் கையை எடுத்தார். நான் சைவம். இரண்டு கையையும் ஆட்டினேன். சாப்பாடே வேண்டாம் என்று நினைத்துவிட்டார்! பக்கத்துக் கடை அம்மாவைக் கூப்பிட்டார். அவர் எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பையனைத் தட்டி எழுப்பாத குறையாக இழுத்து வந்தார். கறி இல்லாமல் எப்படிச் சுடுவது என்று அந்த வரிசை முழுக்க ஒரு மாநாடே நடந்தது. கடைசியில் கல்லின் ஓரத்தில் எனக்கென்று தனியாக ஒன்று வார்த்தார். எண்ணெய் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள், கேட்டால் நான் பட்டினி. சோயாவில் ஊறிய வெங்காயத்தோடு மொறுமொறுவென்று வாய்க்குள் போனது. தட்டு காலியாவதற்குள் கேட்காமலே இன்னொன்று விழுந்தது. எழுந்தபோது முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். டாக்ஸியில் போயிருந்தால் அந்தப் பாட்டி எனக்குக் கிடைத்திருப்பாரா? நடந்தால் நாடெல்லாம் உறவு!

தலைவர் அவர்களே, சாப்பாட்டுக் கதை சொல்லவா உங்களை உட்கார வைத்தேன்? அங்கே நான் போன பெரிய தெருக்களில் நடைபாதை நெடுகக் கண் தெரியாதவர் தடவி நடக்க மஞ்சள் புடைப்புக் கல் பதித்திருக்கிறது. நம் கடைவீதிக்கு வாருங்கள். டிரான்ஸ்பார்மர், டீக்கடை பாய்லர், பிளெக்ஸ் கம்பு, வரிசையாக பைக். மிச்சமிருக்கும் இடத்தில் மூடியில்லாத சாக்கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் லாரிக்குப் பக்கத்தில் நடக்கிறார்கள். காசில்லை என்று சொல்ல வேண்டாம். சென்னை பாண்டிபஜாரில் 2019இல் அகலமான நடைபாதை வந்ததே! மேம்பாலம் எதையும் இடிக்கச் சொல்லவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து பெண்கள் பள்ளி வரைக்கும், இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு, கேட்கிறோம். காய்கறி விற்கும் அம்மாக்களை விரட்டாமல், அவர்களுக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்கிக் கேட்கிறோம்.

நூலகர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கோட்டைச் சுவர் அடுத்த ஆண்டு விழாவுக்கு. வாசல் மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். தலைவர் அவர்களே, முதல் வரியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம்.