படுதா இல்லாத மேடையும் தான்யாவின் உடைகளும்

நண்பர்களுக்கு வணக்கம். மேடை அமைப்பை ஒருவரிடமும் உடைகளை இன்னொருவரிடமும் கொடுப்பது பல நாடகக் குழுக்களில் வழக்கம். இரண்டும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை, மேடையையும் உடைகளையும் வடிவமைத்த தான்யா மொய்சிவிட்சின் வேலையை வைத்துச் சொல்கிறேன்.

1914இல் லண்டனில் பிறந்தவர். அப்பா பென்னோ பியானோ கலைஞர், அம்மா டெய்சி கென்னடி வயலின் கலைஞர். மகள் தூரிகையோடு நாடகத்துக்கு வந்துவிட்டார். 1935 முதல் 1939 வரை அயர்லாந்தில், டப்ளின் நகரின் அபே தியேட்டரில் 50க்கும் மேற்பட்ட நாடகங்களுக்கு வடிவமைத்தார். ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று! என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான பயிற்சிக்கூடம் அதுதான்.

அப்புறம் 1945இல் இயக்குநர் டைரோன் கத்ரியோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். 1951இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் நான்கு வரலாற்று நாடகங்களுக்கும் ஒரே மர அமைப்பைப் போட்டார். காட்சி மாறும்போதெல்லாம் மேடையை மாற்றத் தேவையில்லை என்பதை அதிலேயே காட்டிவிட்டார்.

1953இல் கனடாவுக்குப் போனார். அங்கே ஒன்டாரியோவிலும் ஒரு ஸ்ட்ராட்ஃபோர்டு இருக்கிறது. ரயில் பட்டறையை நம்பிப் பிழைத்த சிற்றூர். டாம் பேட்டர்சன் என்ற பத்திரிகையாளர் அங்கே ஷேக்ஸ்பியர் விழா நடத்த ஆசைப்பட்டு கத்ரியை அழைத்தார். கட்டடம் கிடையாது, பெரிய கூடாரம்தான். அதற்குள் தான்யா அமைத்த மேடை பார்வையாளர் நடுவே நீண்டு வந்தது. மூன்று பக்கமும் ஜனங்கள். முன்திரை இல்லை, படுதா இல்லை. படிகள், தூண்கள், மேலே ஒரு மாடம், நடிகர்கள் வந்துபோகப் பல வழிகள், அவ்வளவுதான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மூன்று பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அரண்மனைச் சுவரை எங்கே நிறுத்துவது? எங்கே வைத்தாலும் யாருக்காவது நடிகர் மறைந்துபோவார். ஆகவே எந்தக் காலம், எந்த இடம், யார் ராஜா, யார் வேலைக்காரன் எல்லாவற்றையும் உடையும் கொடியும் கைப்பொருளும்தான் சொல்லியாக வேண்டும். முதுகுப்பக்கத் தையலும் யாராவது ஒருவர் கண்ணில் படும். பிற்பாடு கட்டப்பட்ட நிரந்தர அரங்கில் கடைசி வரிசையே மேடையிலிருந்து சுமார் 20 மீட்டர்தான். மட்டமான துணியை வெளிச்சத்தில் ஒப்பேற்ற முடியாது.

முதல் நாடகம் மூன்றாம் ரிச்சர்ட். ரிச்சர்டாக அலெக் கின்னஸ். முடிசூட்டுக் காட்சியில் அவர் அணிந்த நீண்ட சிவப்பு அங்கிதான் அரசவை. அங்கியை வடிவமைத்தவரே படிகளையும் வடிவமைத்தவர். எந்தப் படியில் துணி எப்படி விழும் என்பதை அவரால் வரைபடத்திலேயே யோசிக்க முடிந்தது. வேறு வேறு ஆட்கள் செய்திருந்தால் ஒத்திகையில் ஒருவர் மற்றவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

1957இல் கூடாரம் போய்க் கட்டடம் வந்தது. மேடையின் அடிப்படை வடிவம் அப்படியே நின்றது. 1963இல் அமெரிக்காவில் மினியாபொலிஸின் கத்ரி தியேட்டர், 1971இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் க்ரூசிபிள் தியேட்டர், இரண்டிலும் தான்யாவின் கை உண்டு. 2003இல் காலமானார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 1954இல் இதே கூடார மேடையில் கத்ரி ஈடிபஸ் என்ற பழைய கிரேக்க நாடகத்தைப் போட்டார், எல்லாருக்கும் முகமூடி. அந்தத் தயாரிப்பு 1957இல் படமானது. தேடிப் பாருங்கள். ஈடிபஸின் பொன்முகமூடி அசையாதது. ஆனால் தலை சாயும்போதும் வெளிச்சம் திரும்பும்போதும் அதே முகம் கர்வமாகவும் கலக்கமாகவும் தெரியும். ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை உடையை மட்டும் வைத்து எழுதிக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.