ஜனவரிக் காற்றைத் தாண்டும் கன்று

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு, சித்தூர் பக்கம் வரிசை வீடுகளில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படி ஒரு வரிசையில் வளர்ந்தவள்தான். கேரளத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டித்தர 1972ல் தொடங்கிய லட்சம் வீடு திட்டத்தின் வீடு. இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே சுவர், வாசலை விட்டு இறங்கினால் தெரு. மரத்துக்கு இடம் எங்கே?

பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வாழும் இடங்களைக் 'காலனி' என்று இனி சொல்லக் கூடாது என 2024 ஜூனில் கேரள அரசு உத்தரவிட்டது. நல்ல காரியம். ஆனால் பெயர்ப் பலகை மாறினாலும் ஷீட்டுக் கூரையின் கீழே ஏப்ரல் மத்தியானம் அப்படியேதான் இருக்கிறது. பங்களாத் தெருவில் மாமரம். நம் தெருவில் மின்கம்பம்.

மரக்கன்று தராமலா இருக்கிறார்கள்? ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள் வந்தால் வண்டியில் வந்து இறங்கும். அப்போது மழைக்காலம், குச்சியை நட்டாலும் துளிர்க்கும். சோதனை ஜனவரியில்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வறவறவென்று அடிக்கும்போது ஈரமெல்லாம் போய்விடும். மார்ச்சில் நமக்கே லாரித் தண்ணீர். குடத்துக்குச் சண்டை போடுகிறவளிடம் போய்க் கன்றுக்கு ஊற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. மிச்சம் இருப்பதை ஆடு பார்த்துக்கொள்ளும்.

அதனால் திட்டம் போடுகிறவர்கள் கன்றுக்கு ஒதுக்கும் பணத்தைவிட, அடுத்த மூன்று கோடைக்குத் தண்ணீருக்கும் வேலிக்கும் ஆளுக்கும் கூடுதலாக ஒதுக்க வேண்டும். சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் 2020ல் தொடங்கிய திட்டத்தில், கன்றைப் பராமரித்து, அது உயிரோடு இருப்பதைக் கைபேசியில் பதிவு செய்யும் அக்கம்பக்கத்தாருக்குப் பணம் தருகிறார்கள். நம்மிடமும் நகரங்களுக்கு அய்யன்காளி வேலை உறுதித் திட்டம் இருக்கிறதே! கோடையில் கன்று பார்ப்பதையும் அதில் வேலைநாளாகக் கணக்கு வைக்கலாம்.

அப்புறம், எந்த மரம் என்பது. குல்மோகர் கண்ணுக்கு அழகு. ஆனால் வெயில் ஏறும் மாதங்களில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், காற்றுக்குக் கிளையும் முறியும். புங்கையும் வேம்பும் இலை உதிர்த்தாலும் மார்ச், ஏப்ரலுக்குள் புதுத் தளிர் விட்டுவிடும். என்னைக் கேட்டால் புங்கைதான்.

'மூன்று, முப்பது, முந்நூறு' என்று நெதர்லாந்துக்காரரான நகர மரங்கள் பற்றிய ஆய்வாளர் கொனைனென்டைக் 2021ல் ஓர் அளவு சொன்னார். வீட்டிலிருந்து பார்த்தால் மூன்று மரம், தெருவட்டாரத்தில் 30 சதவீதம் நிழல், 300 மீட்டருக்குள் ஒரு பசுமையான இடம். நமக்கு முப்பது இப்போதைக்குக் கனவு. மூன்றிலிருந்து தொடங்கலாம்.

எங்கே நடுவது என்று போன வாரம் எங்கள் தெருவில் கேட்டேன். ஒரு அக்கா சட்டென்று சொன்னார்: "குழாயடில வையுங்க. குடத்தோட நிக்கிற நேரம் நிழலாவும் இருக்கும், சிந்துற தண்ணியும் அதுக்கே போகும்." இது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாளே போய் அளந்தேன். குழாய் பதித்த பக்கத்தை விட்டு நாலடி இடம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.