கல்வெட்டா, கணக்கேடா? கணக்கேட்டின் கட்சி

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, முன்வரிசை பிடித்து அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, வணக்கம்.

காரைக்குடிக் கடைவீதியில் நாலு தலைமுறையாக நடக்கும் ஒரு பாத்திரக் கடைக்கு நூற்றாண்டு விழா எடுத்தால், நினைவாக வைக்க வேண்டியது கல்வெட்டா, கணக்கேடா? இதுதான் தலைப்பு. “காகிதம் கரையானுக்கு, கல் காலத்துக்கு” என்று எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். கைதட்டலும் வாங்கினார்.

கல்லின் கதி என்ன? பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் சாலை போடுகிறார்கள். வாசல் பள்ளமாகிறது, படியோரம் பதித்த கல் மண்ணுக்குள் போகிறது. கட்டடம் கைமாறினால், தேக்குத் தூணும் நிலைக்கதவும் போன வழியே முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்கு! சரி, கல்லில்தான் என்ன இருக்கும்? கடை தொடங்கிய ஆண்டு, தொடங்கியவர் பெயர், திறந்துவைத்தவர் பெயர். மூன்றாவதுதான் பெரிய எழுத்தில்.

பேரேட்டைப் பிரியுங்கள். உச்சியில் பிள்ளையார்சுழி. ஒரு வீட்டின் பற்றில் குத்துவிளக்கு, அண்டா, குடம், தூக்குச்சட்டி என்று வரிசையாக இறங்கினால் அங்கே கல்யாணம். எடை, சேர், பலம் என்ற பழைய நிறுவையில் இருக்கும். தொகை அணாவில் ஓடும். 1957 ஏப்ரல் 1-க்குப் பிறகு அதே பத்தியில் நயா பைசா நுழையும். எட்டணா சரியாக 50. ஓரணா? ரூபாய்க்குப் பதினாறணா, 100-ஐ 16-ஆல் வகுத்தால் ஆறேகால். அந்தக் கால் பைசாவைக் கடை விட்டுக்கொடுத்ததா, வாடிக்கையாளர் தலையில் கட்டியதா? கடையின் குணம் அந்தக் காலில் இருக்கிறது, நடுவர் அவர்களே! 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும், கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர்களின் வீடுகளுக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. அந்த வருஷத்து நிலுவையைக் கடை எப்படித் தாங்கியது என்று எந்தக் கருங்கல் சொல்லும்?

பூச்சி அரிக்கும் என்றார்கள். அரிக்கும், வைக்கத் தெரியாவிட்டால். இராமபாணப் பூச்சி வருவது ஏட்டின் பைண்டிங்கில் தடவிய மாவுப்பசைக்காக. மெல்லிய தூரிகையால், தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தள்ளுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், மை வெளுக்கும், தாள் அப்பளமாக நொறுங்கும். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம், சில ஆண்டில் மஞ்சள் கறையாக இறங்கும். லேமினேஷன் இன்னும் மோசம், உரிக்கவே முடியாது. பாலித்தீன் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பூக்கும். கஞ்சி போக அலசிய பருத்தித் துணியில் சுற்றி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயர அலமாரியில் வையுங்கள். அதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம்: ஏட்டுக்கு நேர் மேலே கேமரா, இரு புறமும் வெளிச்சம், பிளாஷ் கூடாது. கோப்புக்குக் கடை விலாசம், வருஷம், பக்க எண்ணால் பெயர். மூன்று பிரதி, ஒன்று வெளியூரில்.

இந்தப் பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பெரிய எழுத்துதான் அவர் பிழைப்பு. அவரே சேர்த்துவைத்ததோ புத்தகமும் இதழும் நோட்டீசும்! 1992-இல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையில் நூலகமாக்கியது. பலகைகளை யாரும் தேடிப் போகவில்லை.

எதிரணி ஆச்சி கேட்டது நியாயம்: “கடன்பட்டவர் பேரன் இதே ஊரில் இருக்கிறானே, பேரேட்டைக் கடைத்தெருவில் விரிக்கலாமா?” விரிக்க வேண்டாம். அண்மைக்கால ஏடுகள் பூட்டியே இருக்கட்டும். காட்சிக்கு வைக்கும் பக்கங்களில் பெயரை மறையுங்கள்.

பூச்சியைவிட எனக்குப் பயம் வேறொன்று. கொள்முதல் விலையைக் கடைக்காரர்கள் பலர் எண்ணில் எழுதுவதில்லை. ஒன்றுக்கு ஓர் எழுத்து, இரண்டுக்கு வேறோர் எழுத்து, கடைக்குக் கடை வேறு குறி. அது தெரியாமல் ஏட்டைப் படித்தால் விற்ற விலை தெரியும், லாபம் தெரியாது. அந்தக் குறி பெரும்பாலும் ஒரே ஒரு பழைய கணக்குப்பிள்ளை மண்டையில்தான் இருக்கும். நடுவர் தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் போகட்டும், கல் தச்சருக்கு முன்பணம் கொடுப்பதற்குள் அந்தக் கணக்குப்பிள்ளையை உட்காரவைத்து, அந்தப் பத்து எழுத்தையும் அவர் கையாலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.