வெந்நீர் ஊற்றில் தொடங்கிய கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஆராய்ச்சிக்கு அரசு ஏன் தொடர்ந்து பணம் தர வேண்டும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. 1966-இல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர், தம் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸுடன் சேர்ந்து அங்கிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். கைவைக்க முடியாத 70 டிகிரிச் சூட்டில் சுகமாக வளரும் உயிரி அது. தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை. "இதனால் மக்களுக்கு என்ன பயன்?" என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பிராக்கிடம் பதில் இருந்திருக்காது. அந்தச் சூட்டில் உயிர் எப்படித் தாங்குகிறது என்று அறியும் ஆசை மட்டுமே அவருக்கு இருந்தது.

1983-இல் கேரி மல்லிஸ் பிசிஆர் முறையைக் கண்டார். துளியூண்டு மரபுப்பொருளைக் கோடிக்கணக்கில் பெருக்கும் வழி. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 90 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். மரபுப்பொருளை நகலெடுக்கும் வேலையைச் செய்வது நொதி என்ற புரதம். அந்தச் சூட்டில் சாதாரண நொதி கெட்டுப்போகும். சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டும். வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதி மட்டும் அசையவில்லை. 2020-இல் நம் மூக்கில் குச்சி விட்டுச் செய்த சோதனை நினைவிருக்கிறதா? அது இந்த முறைதான். நடுவில் ஐம்பத்து நான்கு ஆண்டுகள்!

எந்தத் தனியார் நிறுவனம் இத்தனை காலம் காத்திருக்கும்? அவர்களைக் குறை சொல்லவில்லை. பொருளியலாளர் ரிச்சர்ட் நெல்சன் 1959-லேயே இதை விளக்கியிருக்கிறார்: அடிப்படை ஆய்வின் பலன் ஊரெங்கும் பரவும், செலவழித்தவன் கைக்கு மொத்தமாகத் திரும்பாது. அதனால் தனியார் குறைவாகத்தான் செலவிடுவார்கள். அந்த இடத்தை அரசுதான் நிரப்ப வேண்டும்.

"முதலில் வறுமை தீரட்டும், ஆராய்ச்சி அப்புறம்" என்பார்கள். பசியோடு இருப்பவரை வைத்துக்கொண்டு கேட்கும் இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் தென்கொரியா காத்திருக்கவில்லை. போர் ஓய்ந்து பதின்மூன்று ஆண்டுகளில், இன்னும் ஏழை நாடாக இருந்தபோதே, 1966-இல் கிஸ்ட் என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது. வெளிநாட்டில் இருந்த தன் விஞ்ஞானிகளை நல்ல சம்பளம் கொடுத்துத் திரும்ப அழைத்தது. இன்று தன் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. அதில் பெரும்பகுதி தனியார் பணம். அரசு முன்னால் நடந்தது, தொழிற்சாலைகள் பின்னால் வந்தன.

சரி, பணம் ஒதுக்கிவிட்டால் போதுமா? இங்கேதான் மனம் வலிக்கிறது. ஒரு வருடம் அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் கையை விரித்தால், மொத்தத்தில் அது சேதம்தான். ஆய்வகம் விளக்கு மாதிரி இல்லை, அணைத்துவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ள. உறைபெட்டியில் வைத்திருக்கும் செல்கள் ஒருமுறை கெட்டால் கெட்டவைதான். கருவியைப் பழுதுபார்க்கத் தெரிந்த தொழில்நுட்பர் மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் கைப்பழக்கம் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்காது. ஆறு ஆண்டு படித்த ஆய்வு மாணவியும் அப்படித்தான். போனவர்களைத் திரும்பக் கூப்பிட இன்னொரு தலைமுறை ஆகும்.

ஜெர்மனி இதைப் புரிந்துகொண்டது. மாக்ஸ் பிளாங்க் போன்ற ஆய்வு அமைப்புகளுக்கு நிதி ஆண்டுதோறும் உயரும் என்று 2005-இல் ஓர் உடன்பாடு செய்தார்கள். இப்போதைய உடன்பாட்டின்படி 2030 வரை ஆண்டுக்கு 3 சதவீதம் கூடும். பெரிய தொகையைவிட அந்த உறுதிதான் எனக்குப் பொறாமை தருகிறது. நாளை என்ன கிடைக்கும் என்று தெரிந்தவர்தான் பத்து ஆண்டுக் கேள்வியைக் கையில் எடுப்பார்.

ஆகவே சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் சார்பில் பேசப் போகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆராய்ச்சி நிதியைப் பத்து ஆண்டுக்கு முன்கூட்டியே சட்டத்தில் எழுதுவீர்களா? கருவி வாங்கும்போதே அதன் பராமரிப்புக்கும் பணம் வைப்பீர்களா? ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை மாதம் பிறந்ததும் வந்து சேருமா?