மரத்தப் பாக்காத, வழியப் பாரு

வணக்கம் நேயர்களே. மலையில சைக்கிள் ஓட்டுறதப் பத்தி ரேடியோவுல பேசச் சொல்லி எனக்கு பன்னெண்டு நிமிஷம் குடுத்திருக்காங்க. கோடை வந்துட்டா இங்க கனடாவுல வான்கூவர் பக்கம் இருக்குற நம்மாளுங்க பீச்சுக்குப் போவாங்க, பார்க்குல பார்பிக்யூ போடுவாங்க, ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருந்தா விஸ்லர் மலைக்குக் கூட்டிட்டுப் போயி கோண்டோலாவுல, கம்பியில தொங்கிட்டுப் போற கூண்டுல ஏத்தி பனியக் காட்டுவாங்க. அப்படிப் போனவங்க ஒரு விஷயம் பாத்திருப்பீங்க. கோண்டோலாவுல உக்காந்து கீழ எட்டிப் பாத்தா காட்டுக்கு நடுவுல ஒரு மண்பாதை வளைஞ்சு வளைஞ்சு போகும், அதுல முகம் முழுக்க மூடுன ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஆளுங்க சைக்கிள்ல சர்ருனு எறங்கிட்டிருப்பாங்க. சின்னப் பசங்களும் இருப்பாங்க, தலை நரைச்சவங்களும் இருப்பாங்க. நானும் அங்கதான் இருப்பேன். மே மாசம் நடுவுல அந்த பைக் பார்க்கத் தொறந்தாங்கன்னா அக்டோபர்ல மூடுற வரைக்கும் வாரக்கடைசியில என்னை வீட்டுல தேடாதீங்க.

பைக் பார்க்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பனிக்காலத்துல பனிச்சறுக்கு, அதான் ஸ்கீ, பண்றவங்கள மேல தூக்கிட்டுப் போற அதே லிஃப்ட்தான், கோடையில சைக்கிளையும் நம்மளயும் தூக்கிட்டுப் போகும். மேல ஏர்ற கஷ்டம் கெடையாது, எறங்குற சந்தோஷம் மட்டும்தான். விஸ்லர்ல இத 1999லயே ஆரம்பிச்சுட்டாங்க. ஒவ்வொரு டிரெயிலுக்கும், அதாவது எறங்குற பாதைக்கும், வாசல்ல ஒரு போர்டு இருக்கும், பச்சை வட்டம்னா சுலபம், நீலச் சதுரம்னா நடுத்தரம், கறுப்பு வைரம்னா கஷ்டம், ரெண்டு கறுப்பு வைரம் போட்டிருந்தா நல்லாப் பழகுனவங்க மட்டும்தான் போகணும். இது ஸ்கீயிலேர்ந்து வந்த அடையாளம். முதல்நாள் போறவங்க பச்சையில ஆரம்பிங்க, ஈஸி டஸ் இட்னு ஒரு டிரெயில் இருக்கு, பேரே சொல்லுது பாருங்க. சைக்கிள், ஹெல்மெட், முட்டிக்கு முழங்கைக்குப் போடுற பேட் எல்லாம் அங்கயே வாடகைக்குக் கெடைக்கும், அதனால வாங்கிட்டுத்தான் போகணும்னு நெனச்சு தள்ளிப் போடாதீங்க.

சரி, இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வரேன். இதுக்கு கொஞ்சம் ஊருக்குப் போகணும்.

எனக்கு ராசிபுரம் பக்கம். சைக்கிள் கத்துக்கிட்டது எட்டு வயசுல, வாடகை சைக்கிள்ல. மணிக்கு இவ்வளவுன்னு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு குடுப்பாங்க இல்லையா, அந்தக் கடை. சீட்டுல உக்காந்தா கால் எட்டாது, பாருக்கு அடியில கால விட்டு குரங்கு பெடல். எங்க தெரு முனையில ஒரு புளியமரம். தெரு நல்ல அகலம், லாரியே திரும்பும், அந்த ஒரு மரத்த விட்டா மோதுறதுக்கு வேற ஒண்ணுமே கெடையாது. ஆனா நான் தினம் போயி அந்த மரத்துலயேதான் மோதுவேன். தூரத்துல வரும்போதே "ஐயோ மரம், ஐயோ மரம்"னு அதையே பாத்துக்கிட்டு வருவேன், சைக்கிள் நூல் புடிச்ச மாதிரி நேரா அங்கயே போகும். மூணாவது நாளோ நாலாவது நாளோ, எங்க மாமா திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தவரு எழுந்து வந்து, முட்டியத் தொடச்சு விட்டுட்டு சொன்னாரு: "மரத்தப் பாக்காத பாப்பா, வழியப் பாரு." அவ்வளவுதான் சொன்னாரு. அன்னைக்கு நான் மரத்துக்குப் பக்கத்துல இருந்த காலி ரோட்டப் பாத்தேன், சைக்கிள் அங்க போச்சு.

இது கேக்குற உங்க எல்லாருக்கும் நடந்திருக்கும். மரம் இல்லன்னா கரண்டு கம்பம், கம்பம் இல்லன்னா சாக்கடை, இல்லன்னா எதுக்க வந்த எருமை.

அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. என் பொண்ணுக்கு பதிமூணு வயசு, அவ ஸ்கூல் தோழிங்க எல்லாம் போறாங்கன்னு விஸ்லர் கூட்டிட்டுப் போக வேண்டியதாப் போச்சு, காரப் பார்க் பண்ணிட்டு சும்மா உக்காந்திருக்குறதுக்குப் பதிலா நானும் கத்துக்குறேன்னு அன்னைக்கே ஒரு வகுப்புல சேந்துட்டேன். சொல்லிக் குடுத்தவரு ஒரு சின்னப் பையன், ஆஸ்திரேலியாக்காரரு. முதல் வளைவுல ஒரு பெரிய பாறை ஓரமா இருந்துச்சு. நான் பாறையப் பாத்தேன். போயி பாறைகிட்டயே நின்னேன். அவரு வந்து இங்கிலீஷ்ல சொல்றாரு, பாறையப் பாக்காதீங்க, நீங்க எங்க போகணுமோ அங்க பாருங்கன்னு. எனக்கு அப்படியே கண்ணு கலங்கிடுச்சுங்க. ராசிபுரத்துத் திண்ணையில கேட்டது, அதே வார்த்தை, எட்டாயிரம் மைல் தள்ளி ஒரு ஆஸ்திரேலியாக்காரப் பையன் வாயிலேர்ந்து வருது. மாமா அப்ப உயிரோட இல்ல.

நான் இந்தக் கோடை முழுக்க, எல்லாக் கோடையும், புதுசா வர்றவங்ககிட்ட சொல்றது இந்த ஒண்ணுதான். வழியப் பாருங்க. வேர் தெரியும், பாறை தெரியும், பள்ளம் தெரியும், ஒரு நொடி பாத்துட்டு கண்ண எடுத்துடுங்க. ரெண்டு சைக்கிள் நீளம், மூணு சைக்கிள் நீளம் முன்னாடி கண்ணு இருக்கணும். வளைவுன்னா வளைவு முடியற எடத்தப் பாக்கணும். கண்ணு போனா தலை போகும், தலை போனா தோள் போகும், தோள் போனா ஹேண்டில்பார் தானாப் போகும். நீங்க திருப்பவே வேண்டாம்.

வளைவுன்னு சொன்னேன் இல்ல, பைக் பார்க் வளைவு நம்ம ரோட்டு வளைவு மாதிரி இருக்காது. வெளிப்பக்கம் மண்ண சுவர் மாதிரி ஏத்திக் கட்டியிருப்பாங்க, பெர்ம்னு சொல்லுவாங்க. பாத்திராதவங்களுக்கு எப்படிச் சொல்றது... பொருட்காட்சியில மரணக்கிணறு பாத்திருப்பீங்க, பைக்க வட்டச் சுவர் மேல ஏத்தி ஓட்டுவாங்களே, அதுல ஒரு துண்ட வெட்டி எடுத்து காட்டுக்குள்ள வச்ச மாதிரி. மொதல்ல பயமாத்தான் இருக்கும். ஆனா அந்தச் சுவர் உங்களத் தாங்கிக்கும், வேகத்த உங்க காலுக்கடியில அமுக்கிக் குடுக்கும், நீங்க சும்மா சாஞ்சா போதும். முதல் தடவ அது சரியா அமைஞ்சப்ப நான் ஊஞ்சல்ல இருக்குற புள்ள மாதிரி சத்தம் போட்டுச் சிரிச்சேன். இன்னைக்கும் சிரிக்கிறேன்.

பிரேக் விஷயம் கொஞ்சம் பேசணும். இங்க இருக்குற சைக்கிளுக்கெல்லாம் டிஸ்க் பிரேக், ஒரு விரல் போதும், மத்த மூணு விரலும் ஹேண்டில்பாரப் புடிச்சிருக்கணும். எப்பப் புடிக்கணும்ங்கறதுதான் முக்கியம். எங்க ஊர்லேர்ந்து கொல்லிமலைக்குப் போற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு. அந்த பஸ் டிரைவருங்களப் பாருங்க, வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சுடுவாங்க, வளைவுக்குள்ள போயி பிரேக் அடிக்க மாட்டாங்க. டயருக்கு மண்ணு மேல இருக்குற பிடி மாசச் சம்பளம் மாதிரி, இவ்வளவுதான்னு ஒரு அளவு. அத முழுக்க பிரேக்குக்கே செலவு பண்ணிட்டீங்கன்னா திரும்புறதுக்கு மிச்சம் இருக்காது, வழுக்கிடும். ஜூலை ஆகஸ்ட்ல பாத்தீங்கன்னா ஒவ்வொரு வளைவுக்கு முன்னாடியும் தரை அலை அலையா மேடு பள்ளமா ஆயிருக்கும், ஆயிரக்கணக்கான பேரு அதே எடத்துல பிரேக் அடிச்சு அடிச்சு உண்டானது அது. நாள் முழுக்க அதுல எறங்குனா சாயங்காலம் டம்ளர் புடிக்க முடியாது, முன்னங்கை அப்படி இறுகிடும்.

பிரேக்குன்னதும் இந்தக் கதையச் சொல்லாம எனக்கு இருக்க முடியாது. கலிஃபோர்னியாவுல, சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு வடக்க மரின் கவுன்ட்டி. 1970கள்ல அங்க கொஞ்சம் இளைஞர்கள், 1930, 40கள்ல செஞ்ச பழைய ஷ்வின் கம்பெனி சைக்கிளுங்க, தடி டயரு, நம்ம ஊரு பால்காரர் சைக்கிள் மாதிரி கனம், அதத் தேடிப் புடிச்சு வாங்கி மலைமேலேர்ந்து எறங்குவாங்க. அந்த சைக்கிளுக்கு கையில பிரேக் கெடையாது, பெடல பின்பக்கம் மிதிச்சா பின்சக்கர அச்சுக்குள்ள இருக்குற பிரேக் புடிக்கும். ரெண்டு மைல் தூரத்துல 1300 அடி எறக்கம். கீழ வந்து சேர்றதுக்குள்ள அந்த அச்சு சூடாகி உள்ள இருக்குற கிரீஸ் புகையாப் போயிடும். மலையிலேர்ந்து எறங்குற லாரியில பிரேக் கருகுற வாசம் உங்களுக்குத் தெரியும் இல்ல, அதேதான். ஒவ்வொரு தடவையும் பிரிச்சு புதுசா கிரீஸ் அடைக்கணும், அப்படி மறுபடி அடைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல ரீபேக், அந்த எறக்கத்துக்கே ரீபேக்னு பேரு வந்துடுச்சு. 1976 அக்டோபர் 21ஆம் தேதி அங்க முதல் பந்தயம். சார்லி கெல்லிங்கறவரு நடத்துனாரு. அந்தப் பந்தயங்கள்ல கேரி ஃபிஷர் எடுத்த 4 நிமிஷம் 22 நொடிதான் சாதனை. ஜோ ப்ரீஸ்னு ஒருத்தரு, அவரும் அங்க ஓட்டுனவருதான், பழைய சைக்கிளுங்க உடைஞ்சு உடைஞ்சு போகுதேன்னு 1977ல இதுக்குன்னே புதுசா ஒரு ஃப்ரேம் செஞ்சாரு. இருபது வருஷம்கூட ஆகல, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல மவுண்டன் பைக் ஒரு போட்டியாவே வந்துடுச்சு. கிரீஸ் கருகுனதுலேர்ந்து ஒலிம்பிக்ஸ். எனக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும், லிஃப்ட்ல பக்கத்துல யார் உக்காந்தாலும் சொல்லிடுவேன்.

நிக்கிற விதம் பத்தி ஒண்ணு. எறக்கத்துல சீட்டுல உக்காரக்கூடாது. ரெண்டு பெடலும் ஒரே மட்டத்துல, எழுந்து நின்னு, முட்டியும் முழங்கையும் லேசா மடங்கி இருக்கணும். டவுன் பஸ்ல கம்பி கெடைக்காம நின்னு பழகுனவங்களுக்கு இத யாரும் சொல்லித் தர வேண்டாம். முட்டிய வெரப்பா வச்சா விழுவீங்க, தளர்த்தி வச்சா பஸ் ஆடட்டும் நாம நிப்போம். அதேதான். டயர்ல காத்து கல்லு மாதிரி அடைக்காதீங்க, என் எடைக்கு நான் 22, 24 பிஎஸ்ஐ வைப்பேன், ரோட்டு சைக்கிள் ஓட்டுறவங்க கேட்டா ஆச்சரியப்படுவாங்க. டயர் கொஞ்சம் அமுங்குனாத்தான் வேரையும் கல்லையும் கவ்விப் புடிக்கும்.

அப்புறம், எப்ப நிறுத்தணும். இது நான் வலிச்சுக் கத்துக்கிட்டது. மூணு வருஷம் முன்னாடி ஆகஸ்ட்ல ஒரு நாள், சாயங்காலம் நாலரை, கை கால் எல்லாம் சோந்துபோச்சு, பொண்ணு "அம்மா, கடைசியா ஒண்ணு"ன்னா, சரின்னு ஏறுனேன். நூறு தடவ எறங்குன டிரெயில். கண்ணு கீழ எறங்கிடுச்சு, முன்சக்கரத்தையே பாத்துக்கிட்டு வந்திருக்கேன். ஒரு சின்ன வேர். காலர் எலும்பு ஒடஞ்சு அந்த வருஷக் கோடை அதோட முடிஞ்சுது. ஒடம்பு சோந்தா மொதல்ல கண்ணுதான் சோரும், அது தெரிஞ்ச ஒடனே எறங்கிடுங்க. இப்பல்லாம் நாங்க "கடைசி ஒண்ணு"ங்கற வார்த்தையவே சொல்றதில்ல.

இன்னொண்ணு, புதுசு புதுசா டிரெயில் தேடி ஓடாதீங்க. ஏ-லைன்னு ஒரு புகழ்பெற்ற கறுப்பு டிரெயில் இருக்கு, வரிசையா ஜம்ப், அதுக்குத்தான் உலகம் பூரா ஆளு வராங்க, நான் அதுல எறங்குறதுக்கு ஆறு கோடை ஆச்சு. அந்த ஆறு கோடையும் பச்சை, நீலத்துலயே சுத்துனேன், நீலத்துல கிராங்க் இட் அப்னு ஒண்ணு, ஒரே நாள்ல எட்டு தடவ போயிருக்கேன். ஒரே வழிய திரும்பத் திரும்பப் போனா, மே மாசம் ஈரமா கறுப்பா இருந்த மண்ணு ஆகஸ்ட்ல மாவு மாதிரி தூசி ஆறது தெரியும், எந்த வளைவுல நிழலு, எங்க காட்டுப் பழம் பழுக்குதுன்னு தெரியும். கரடி வர்ற எடமும் தெரியும். ஆமாங்க, கறுப்புக் கரடி, ஸ்கீ சரிவுல புல்லு மேய வரும், மாடு மாதிரி. பாத்தா தூரத்துலயே நின்னுடணும், பக்கத்துல போயி போட்டோ எடுக்கக்கூடாது, அமைதியா பேச்சுக் குடுத்துக்கிட்டே பின்னாடி போகணும். நான் தமிழ்லதான் பேசுவேன்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தம்பி ரெண்டு விரல் காட்டுறாரு. ஐயோ, நான் பெருசா பேசணும்னு வச்சிருந்ததே இப்பத்தான் வருது.

வேகமா சொல்லிடுறேன். பார்க்குக்கு காசு குடுத்து டிக்கெட் வாங்குறோம், அங்க வேலை செய்ய சம்பளத்துக்கு ஆளு இருக்கு. ஆனா நம்ம வீட்டுப்பக்கம் நார்த் ஷோர்ல, ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ் மூணு மலையிலயும் இருக்குற டிரெயில் எல்லாம் இலவசம், அதுல நிறைய உழைப்பு சும்மா வர்ற தன்னார்வலர்களோடது. 1997லேர்ந்து நார்த் ஷோர் மவுண்டன் பைக் அசோசியேஷன்னு ஒரு சங்கம் இருக்கு, அவங்கதான் ஆளச் சேக்குறாங்க. பாதைக்கு எதிரி சைக்கிள் இல்ல, தண்ணி. அந்த மலையில கொட்டுற மழை உங்களுக்கே தெரியும். தண்ணி பாதையில ஓடுச்சுன்னா மண்ண அறுத்துட்டுப் போயிடும், அதனால ஓரமா சாய்ச்சு வடிய விடணும், சின்னச் சின்ன வாய்க்கா எடுக்கணும், சேறு நிக்கிற எடத்துல கல்லு பதிக்கணும். இது காடு கழனி பாத்த குடும்பத்துக்கு புதுசா? மண்வெட்டியக் கையில குடுத்ததும் அங்க இருந்தவங்க என்னைப் பாத்து, உங்களுக்கு இது எப்படித் தெரியும்னு கேட்டாங்க. எங்கப்பா மடை திருப்புறதப் பாத்து வளந்தவன்னு சொன்னேன்.

அதனால கோடையில வந்து ஓட்டுங்க, ஒரே ஒரு சனிக்கிழமை வேலைக்கும் வாங்க. பழைய துணி, கெட்டியான ஷூ போட்டு வாங்க, மண்வெட்டி அவங்களே குடுப்பாங்க, சாப்பாடு நான் கொண்டு வரேன், புளிசோறு. சைக்கிள் ஓட்டத் தெரியணும்னுகூட இல்ல... சரி தம்பி, முடிச்சுட்டேன். வணக்கம்.