பல்லைக் காட்ட வந்தவரிடம் சர்க்கரை பார்க்கலாமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘பல் மருத்துவமனையில் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பது தேவையா, தொல்லையா?’ தேவையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணன் மூன்று கேள்வி கேட்டார். பல்வலியோடு வருகிறவருக்கு அது பிடிக்குமா? பில்லை ஏற்றத்தான் பார்க்கிறார்கள் என்று நினைக்க மாட்டாரா? அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்களே, பல் டாக்டர் எதற்கு?

எங்கள் சித்தப்பாவுக்கும் முதலில் பிடிக்கவில்லை. கீழ்வரிசைப் பற்கள் ஆட்டம், துலக்கினால் ரத்தம். வயசானால் ஆடத்தானே செய்யும், பிடுங்கிவிட்டு வரலாம் என்று போனார். துணைக்கு நான். டாக்டர் ஈறை அழுத்தினார், சீழ் வந்தது. “ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?” என்று கேட்டார். சித்தப்பாவுக்குச் சுருக்கென்று கோபம். “பல்லைக் காட்ட வந்தா மூத்திரத்தைக் கேக்குறீங்களே!”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: “ஐயா, சர்க்கரை கூடியிருந்தா ஈறு இப்படிச் சீழ் வைக்கும். அது தெரியாம பல்லை எடுத்தா புண் ஆறாது. ஒரு சொட்டு ரத்தம் போதும்.” சித்தப்பா விரலை நீட்டினார். மீட்டரில் 312. தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

காரணம் சொன்னதும் விரல் வந்துவிட்டதே, நடுவர் அவர்களே! இங்கிலாந்தில் பல் நோயாளிகளிடம் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்விலும் பெரும்பாலோர் இதை வரவேற்றார்கள்.

ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது பாதிப்பு என்று பல் ஆய்வாளர் ஹரால்ட் லோ எழுதியது 1993இல். கண், சிறுநீரகம், நரம்பு என்ற வரிசையில் ஈறும் சேர்ந்தது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டுக் கிடந்தால் சர்க்கரை அடங்காது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி.

வீட்டுக்கே வருகிறார்களே என்றார் அண்ணன். மக்களைத் தேடி மருத்துவம், 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய அருமையான திட்டம். ஆனால் பகலில் கதவைத் தட்டும்போது லாரி ஓட்டுகிறவரும் சாரத்தில் நிற்கும் கொத்தனாரும் வீட்டிலா இருப்பார்கள்? சர்க்கரையும் பிரஷரும் வலிக்காது. பல் வலிக்கும். எந்த டாக்டரிடமும் போகாத ஆளை அந்த வலிதான் நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. அந்த வாய்ப்பை விடலாமா?

பல் நாற்காலியில் பயத்திலேயே பிரஷர் ஏறுமே என்று கேட்கலாம். சரிதான். ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் 140/90ஐத் தாண்டினால் சீட்டு எழுதிப் பொது மருத்துவரிடம் அனுப்புங்கள்; அதற்கு மேல் அவர் பார்த்துக்கொள்வார். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். பிரஷர் என்னவென்றே பார்க்காமல் அதைப் போடலாம் என்கிறாரா அண்ணன்?

பல் டாக்டர் வாயைப் பார்க்கும்போதே கவனிக்கக்கூடிய வாய்ப் புற்றுநோயையும் சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரம் பகுதியில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைக் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் முடிவு வந்தது. நம் ஊரில் என்ன நடக்கிறது? “புகையிலை போடுவீங்களா?” என்று மனைவியின் எதிரிலேயே கேட்கிறார்கள். “சேச்சே, இல்லைங்க” என்பார், கன்னத்தின் உள்ளே புகையிலையால் வந்த வெள்ளைத் திட்டோடு! அந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பில்லைப் பற்றிய பயம் மட்டும் நியாயமானது. அதை நான் மறுக்க மாட்டேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தனிக் காசு வாங்கக் கூடாது. வந்த அளவை ஒரு தாளில் எழுதி நோயாளி கையில் கொடுக்க வேண்டும். அன்றைய பல் வைத்தியத்துக்குத் தேவைப்படாத பரிசோதனைக்கு ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் முகம் சுளிக்காமல் பல்லுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் நடக்கும் மருத்துவமனையில், விரலை நீட்ட எத்தனை பேர் மறுப்பார்கள் என்று எதிரணியே சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.