இயந்திரம் நம்முடையது, தரவு யாருடையது?

(ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அருகே, 2026 பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நகர மன்றத்திலிருந்து வந்து முன்வரிசையில் வேட்டி கட்டி அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, தொழில் வணிகக் கழகத்தின் பிரதிநிதி அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, விடியலிலிருந்து அடுப்படியில் நின்று நமக்கெல்லாம் பொங்கல் கிளறிய அக்காமார்களே, அண்ணன்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் பேசப் பேச விருந்தினரின் காதில் ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருக்கும் தங்கைக்குத் தனியாக ஒரு நன்றி. வேகமாகப் பேசினால் கையைக் காட்டும்மா, நிறுத்திக்கொள்கிறேன். போன வருடம் இந்த மேடையில் இடம் கொடுத்த முன்னாள் செயலாளருக்கும், இந்த வருடமும் விடாமல் கூப்பிட்ட இந்நாள் செயலாளருக்கும் நான் கடமைப்பட்டவன்.

ஐரோப்பியத் தொழிற்சாலைகளை டிஜிட்டலுக்கு மாற்ற அரசுகள் என்ன செய்கின்றன என்று பேசச் சொன்னார்கள். பணம், சட்டம், பயிற்சி என்று மூன்று பகுதியாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் ஒரு பழமொழி. எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை: சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் எழுதும் கொள்கை நம் பட்டறை வாசலுக்கு வந்து சேரும் கதை முழுக்க இதில் இருக்கிறது.

முதலில் பணம். 2011-ல் ஹனோவர் கண்காட்சியில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற பெயரை, அதாவது இயந்திரங்களைக் கணினி வலையில் இணைக்கும் நான்காம் தொழிற்புரட்சி என்பதை, ஜெர்மனி உலகத்துக்குச் சொன்னது. அப்புறம் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு ஒரு திட்டம் போட்டது. நெதர்லாந்துக்கு ஸ்மார்ட் இண்டஸ்ட்ரி, பிரான்சுக்கு எதிர்காலத் தொழில், ஸ்பெயினுக்கு இணைந்த தொழில் 4.0. 2016 ஏப்ரல் 19 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இவற்றையெல்லாம் ஒரே குடைக்குள் கொண்டுவர ஒரு முயற்சியைத் தொடங்கியது. சின்ன நிறுவனங்கள் புதுத் தொழில்நுட்பத்தைத் தொட்டுப் பார்த்துப் பழகுவதற்கான டிஜிட்டல் புத்தாக்க மையங்களுக்கென்று 50 கோடி யூரோ ஒதுக்கியது. 2021-க்குப் பிறகு அதே யோசனை இன்னும் பெரிதாக வந்தது. இன்று ஐரோப்பா முழுக்க அப்படி இருநூறுக்கும் மேற்பட்ட மையங்கள் உண்டு. காசு போட்டு வாங்குவதற்கு முன் சோதித்துப் பார் என்பதுதான் அவற்றின் தாரக மந்திரம். நல்ல மந்திரம். 2030-க்குள் சிறு, நடுத்தர நிறுவனங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அடிப்படை டிஜிட்டல் நிலையையாவது எட்டிவிட வேண்டும் என்பது இலக்கு.

இலக்கில் எனக்குக் குறையில்லை. ஆனால் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் மானிய விண்ணப்பத்தை யார் நிரப்புவது? முதலாளிதான் காலையில் லாரியிலிருந்து கம்பி இறக்குகிறார், அவர்தான் சாயங்காலம் கணக்கும் எழுதுகிறார். ஆலோசனை நிறுவனத்தை வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு மானியம் கிடைக்கிறது, முடியாதவருக்கு அறிவிப்பு மட்டும் கிடைக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார்.

பெரிய இடத்தில் டிஜிட்டல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க எல்லோரும் பவேரியாவிலுள்ள ஆம்பெர்குக்குப் போகிறார்கள். 1989-ல் தொடங்கிய சீமென்ஸ் ஆலை. ஆலை இயந்திரங்களை இயக்கும் சிமாட்டிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அங்கேதான் உருவாகின்றன. தளம் பெரிதாகவில்லை, ஆட்களும் ஏறக்குறைய அதே அளவுதான், உற்பத்தியோ பல மடங்கு பெருகிவிட்டது. நொடிக்கு ஒரு கருவி வெளியே வருகிறது என்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வரும் அமைச்சர்கள், எல்லாப் பட்டறையும் இப்படி ஆக வேண்டும் என்று பேசுகிறார்கள். ஒன்றை அவர்கள் கவனிப்பதில்லை. ஆம்பெர்க் ஆலையை இயக்கும் கருவியே சீமென்ஸ் செய்ததுதான். உள்ளே ஓடும் ஒவ்வொரு தகவலும் அவர்கள் கையில். வெளியிலிருந்து இயந்திரம் வாங்கி ஓட்டும் சின்னப் பட்டறைக்கு அந்த வசதி ஏது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரும் நிறுவனப் பெயரும் வேண்டாம். ஷ்வேபிஷ் ஆல்ப் மலைப் பக்கம் ஒரு பட்டறை. அப்பா தொடங்கியது, இப்போது மகள் நடத்துகிறார். இருபது பேருக்குச் சற்று மேல் வேலை செய்கிறார்கள். ஹைட்ராலிக் வால்வுக்கான பாகங்களைக் கடைந்து கொடுப்பது தொழில். வங்கிக் கடனில் உலோகத்தைப் பல கோணங்களில் வெட்டிச் செதுக்கும் ஐந்து அச்சு மில்லிங் இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தார்கள். அதை அவர்களுடைய உற்பத்தித் திட்ட மென்பொருளோடு இணைத்துத் தரத்தான் நான் போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியாகிவிட்டது. திடீரென்று இயந்திரம் நின்றது. திரையில் சிவப்பாக ஓர் எண், அதன் கீழே 'சர்வீஸைத் தொடர்பு கொள்ளவும்'. அவ்வளவுதான். பட்டறையை நடத்தும் அந்த அம்மா போன் போட்டார். செவ்வாய்க்கிழமை ஆள் வருவார் என்று பதில். சரக்கோ திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும், தாமதமானால் அபராதம். பட்டறையின் மூத்த மைஸ்டர், அதாவது தலைமைத் தொழிலாளி, வந்தார். ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான். கதவைத் திறந்து, குளிர்விக்கும் கூலண்ட் திரவம் சொட்டச் சொட்டக் கையை உள்ளே விட்டு, வெட்டும் கருவியைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலை விரல் நுனியால் மெல்லச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை சுற்றினார். "முன் பேரிங். மணல் மாதிரி நெருடுகிறது" என்றார்.

அந்த இயந்திரத்தில் அதிர்வுக்குத் தனி சென்சார் இருக்கிறது, வெப்பத்துக்கும் இருக்கிறது. ஆக, அவர் சொல்வது சரிதானா என்று பார்த்துவிடலாமே என்று அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். என்னால் பார்க்க முடியவில்லை. இயந்திரம் வெளிக் கணினியோடு பேசுவதற்கான ஓ.பி.சி. யு.ஏ. என்ற பொது இடைமுகம் இருந்தது, எத்தனை பாகம் முடிந்தது, ஓடுகிறதா நிற்கிறதா, இவ்வளவுதான் அதில் வந்தது. மற்றதெல்லாம் தனி லைசென்ஸ். தயாரிப்பாளரின் இணையதளத்தில் நுழைந்தால் ஒரு பச்சை விளக்கு. ஆமாம், நின்றுபோன இயந்திரத்துக்குப் பச்சை விளக்கு. அதிர்வும் வெப்பமும் ஏறி இறங்கும் வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். இருந்த பழைய இயந்திரத்தில் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் நிறுத்தி, முடிந்ததை அனுப்பினார்கள். முடியாததற்கு அபராதம் கட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை டெக்னீஷியன் வந்தார். மரியாதையான இளைஞர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். லேப்டாப்பைச் செருகினார். ஒரு கோடு. இடப்பக்கம் தரையோடு தரையாக ஓடி, வலப்பக்கம் மேலே மேலே ஏறிக்கொண்டே போகிறது. மூன்று வாரமாக ஏறியிருக்கிறது. பின்னால் நின்ற அந்த அம்மா கேட்டார்: "இது மூன்று வாரமாக உங்களுக்குத் தெரியுமா?" அந்தப் பையன் நேர்மையாகச் சொன்னார்: "எனக்குத் தெரியாதுங்க. சர்வரில் இருந்தது. யாரும் பார்க்கவில்லை."

யாரும் பார்க்கவில்லை! பார்க்க வேண்டியவர் கையில் அது இல்லை, கையில் வைத்திருந்தவருக்குப் பார்க்க வேண்டிய அவசரம் இல்லை. வீட்டை விற்றுவிட்டு ஒரு சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது போன்ற வியாபாரம் இது.

இரண்டாவது, சட்டம். ஐரோப்பியத் தரவுச் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, கடந்த செப்டம்பர் 12 முதல் பொருந்துகிறது. இணைய இணைப்புள்ள பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர், அது உண்டாக்கும் தரவைக் கேட்டால் கொடுக்க வேண்டும். இலவசமாக, தாமதமில்லாமல், கணினி படிக்கும் வடிவில். அவர் கைகாட்டும் பழுதுபார்ப்பவருக்கும் கொடுக்க வேண்டும். வீட்டு வாஷிங் மெஷினுக்கும் பொருந்தும், பட்டறை மில்லிங் இயந்திரத்துக்கும் பொருந்தும். இந்த 2026 செப்டம்பர் 12-க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருட்களை, தரவு பயனருக்கு எளிதில் கிடைக்கும்படியே வடிவமைக்கவும் வேண்டும். என்னைக் கேட்டால், 2011-லிருந்து வந்த எல்லா அறிவிப்புகளையும்விடப் பட்டறைக்காரருக்கு உபயோகமான ஒரே காகிதம் இதுதான்.

சரி, வரம் வந்துவிட்டது. பூசாரி? தொழில் ரகசியம் வெளியேறினால் கடும் நஷ்டம் வரும் என்று காட்ட முடிந்தால், விதிவிலக்கான சமயங்களில் தயாரிப்பாளர் தரவைத் தர மறுக்கலாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கடந்த நவம்பர் 19 அன்று ஆணையம் 'டிஜிட்டல் ஆம்னிபஸ்' என்ற பெயரில் இந்தச் சட்டத்துக்கும் திருத்தங்களை முன்வைத்தது. ரகசியம் ஐரோப்பாவுக்கு வெளியே கசியும் ஆபத்து அதிகம் என்று காட்டியும் மறுக்கலாம் என்பது அதில் ஒன்று. ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் இயந்திரம் செய்யும் நிறுவனங்களில் வேலை செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கவலை பொய்யில்லை. 2016-ல் ஆக்ஸ்பூர்கின் குக்கா ரோபோ நிறுவனத்தைச் சீனாவின் மைடியா வாங்கியதிலிருந்து, அறிவு கைமாறிப் போகிறதே என்ற பயம் இங்கே ஊறிக் கிடக்கிறது. கட்டுப்பாட்டு மென்பொருளின் சூத்திரம் உங்கள் சொத்து, அதை யாரும் கேட்கவில்லை. என் ஸ்பிண்டில் எவ்வளவு சூடாகிறது என்பது உங்கள் ரகசியம் ஆகுமா? அதைத்தான் கேட்கிறேன்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாகச் சண்டை போட முடியாது. இயந்திரம் விற்றவரோடு சண்டை போட்டுவிட்டு அடுத்த வாரம் அவரிடமே பேரிங் கேட்டு நிற்க வேண்டும். அரசின் கையில் இதைவிட வலுவான ஆயுதம் இருக்கிறது: மானியம். இத்தாலியைப் பாருங்கள். 2016-ல் அமைச்சர் கார்லோ கலேண்டா கொண்டுவந்த திட்டத்தில், தகுதியான புது இயந்திரத்துக்குக் கொடுத்த விலையை 250 சதவீதமாகக் கணக்கிட்டு, வரிக்குரிய லாபத்திலிருந்து தேய்மானமாகக் கழித்துக்கொள்ள முடிந்தது. வட இத்தாலியின் எமிலியா-ரொமாக்னா மாநிலத்துப் பொட்டலமிடும் இயந்திரப் பட்டறைகள் முதல் சின்ன மரவேலைக் கூடங்கள் வரை அது எட்டியது. விண்ணப்பம், போட்டி, தேர்வுக் குழு எதுவும் இருக்கவில்லை. வரிக் கணக்கில் எழுதினால் போதுமாக இருந்தது. பூசாரியே இல்லாத கோயில்! ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இயந்திரம் ஆலையின் கணினி அமைப்போடு இணைந்திருக்க வேண்டும். ஐந்து லட்சம் யூரோவுக்கு மேல் விலை என்றால், இணைந்திருக்கிறது என்று பொறியாளர் உறுதிமொழி அறிக்கை தர வேண்டியிருந்தது.

இணைப்பை நிபந்தனையாக்க முடிந்தது அல்லவா? அதோடு இன்னும் ஒரு வரி சேருங்கள் என்கிறேன். பொதுப் பணத்தில், வரிச் சலுகையில், மானியக் கடனில் வாங்கும் எந்த இயந்திரத்தின் தரவுக்கும் பூட்டு இருக்கக் கூடாது. தனிச் சந்தா, தனி லைசென்ஸ் கேட்கும் இயந்திரத்துக்கு மானியம் இல்லை. சட்டத்தைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பவர்கள்கூட, விற்பனை நின்றுவிடும் என்றால் அடுத்த மாதமே இடைமுகத்தைத் திறந்துவிடுவார்கள். ஜெர்மனியின் மானியத் திட்டங்களில் இந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று நானும் சில நண்பர்களும் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். விருந்தினர் அவர்கள் தம் கட்சி மாநாட்டில் இதை எழுப்ப வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். தங்கை, இதை மட்டும் அழுத்தமாகச் சொல்லும்மா.

மூன்றாவது பயிற்சி. தொழிற்பழகுநர் பாடத்திட்டத்தில் 2018-ல் டிஜிட்டல் பாடங்களைச் சேர்த்தார்கள், நல்ல காரியம். விரலால் பேரிங்கைக் கண்டுபிடித்தாரே அந்த மைஸ்டர், அவருடைய இடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு விரலும் வேண்டும், வரைபடமும் வேண்டும். அதற்கும் வரைபடத்தை முதலில் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். பொருளாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பிள்ளைகளின் கோலாட்டம் காத்திருக்கிறது.

இந்தக் கோரிக்கைக்கான கையெழுத்துப் படிவம் வாசலில், கரும்புக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. ஜெர்மனிலும் தமிழிலும் அச்சிட்டிருக்கிறோம். பட்டறை வைத்திருப்பவர்கள் சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் வாருங்கள். உங்கள் சர்வீஸ் ஒப்பந்தத்தில் தரவு பற்றிய பத்தி எங்கே இருக்கிறது, தரவு கேட்டுத் தயாரிப்பாளருக்குக் கடிதம் எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து பார்ப்போம். முதல் கடிதத்தை அந்த அம்மா போன வாரமே அனுப்பிவிட்டார். நன்றி, வணக்கம்.